வீடியோஹப் ரவுட்டருக்கான பலகைப் பொத்தான்களை அமைக்கும் முறை

கொழும்பிலுள்ள எமது சிறிய ஸ்டூடியோவில் பிளக்மேஜிக் வீடியோஹப் ரவுட்டரையும் (எந்த உள்ளீட்டின் படம் எந்த வெளியீட்டுக்குச் செல்வது என்பதை மாற்றும் கருவி), அதற்குரிய ஸ்மார்ட் கன்ட்ரோல் பொத்தான் பலகையையும் இயங்க வைத்த பின்னர், இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதனை எழுதுகின்றேன். எஸ்டிஐ கேபிள்களை (வீடியோவைக் கடத்தும் கேபிள்கள்) இணைப்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கின்றேன்.

கணினியைத் திறப்பதற்கு முன்னர் ஒரு தாளை எடுத்து, உள்ளீடுகளை ஒரு பக்கமும் வெளியீடுகளை மறுபக்கமும் எழுதுங்கள். பலகையில் 40 பொத்தான்கள் இருப்பதால் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் ஆசை வரும். ஆனால் நேரலையின்போது கை தேடுவது மூன்று கமெரா, கிராபிக்ஸ், செய்மதி ரிசீவர் போன்ற சிலவற்றை மட்டுமே என்பதால், அவற்றை அருகருகே வைத்து மற்றவற்றை மென்பொருளிலிருந்து மாற்றுவதே நல்லது.

அடுத்து, முறையைத் தெரிவு செய்ய வேண்டும். கட்-பஸ் முறையில் பலகை ஒரேயொரு வெளியீட்டை மட்டும் கையாளும்; உள்ளீட்டுப் பொத்தானை அழுத்தியவுடன் படம் மாறிவிடும். எக்ஸ்-வை முறையில் முதலில் வெளியீட்டையும் பின்னர் உள்ளீட்டையும் அழுத்த வேண்டும். ஒளிபரப்புக்குச் செல்லும் வெளியீடு அந்தப் பலகையில் இருக்குமாயின், எக்ஸ்-வை முறையுடன் ஒரு பொத்தானை ‘டேக்’ ஆக ஒதுக்குமாறு வலியுறுத்துவேன். அதை அழுத்தும் வரை மாற்றம் நடைபெறாது என்பதால், விரல் தவறிப் பட்டாலும் நேயர்களுக்கு அது தெரிய வராது.

பெரும்பாலானோர் தடுமாறுவது வலையமைப்பில்தான். பலகையை யூஎஸ்பி வழியாகக் கணினியுடன் இணைத்து, அமைப்பு மென்பொருளில் அதற்கென ஓர் ஐபி முகவரியைக் கொடுங்கள், ரவுட்டர் 192.168.10.20 எனின் பலகைக்கு 192.168.10.30 எனவும், இரண்டும் ஒரே வலையமைப்பில் உள்ளதைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 எனவும் வைக்கலாம். அத்துடன் நின்றுவிடாமல், ரவுட்டரின் முகவரியையும் பலகைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பலகை தன் முகவரியை மட்டும் அறிந்து ரவுட்டர் இருக்கும் இடத்தை அறியாதிருந்தால், எந்தப் பொத்தானுக்கும் பலன் இராது. ஐயமிருப்பின் கணினியிலிருந்து ரவுட்டரின் 9990ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் (எழுத்து வடிவில் வேறு கருவியுடன் பேச உதவும் நிரல்) மூலம் இணைந்து பாருங்கள். பெயர்களும் இணைப்புகளும் பட்டியலாக வந்தால் ரவுட்டர் நலமாக இருக்கின்றது, கோளாறு பெரும்பாலும் பலகையின் பக்கத்திலேயே இருக்கும். அப்பட்டியலில் எண்கள் பூச்சியத்திலிருந்து தொடங்குவதால், ‘0 5’ என்ற வரி முதலாம் வெளியீட்டுக்கு ஆறாம் உள்ளீடு செல்வதையே குறிக்கும்.

அதன் பின்னர் மென்பொருளில் ஒவ்வொரு பொத்தானாகத் தெரிவு செய்து, அது உள்ளீடா, வெளியீடா, டேக் பொத்தானா என்று குறித்துச் சேமிப்பது சில நிமிட வேலை.

பொத்தானின் ஒளி ஊடுருவும் மூடியைக் கழற்றி உள்ளே பெயர்த்தாளை வைக்கலாம். சிங்களமும் தமிழும் பேசுவோர் மாறி மாறிப் பணிபுரியும் இடத்தில் இரு மொழிகளிலும் சுருக்கமாக அச்சிடுவது அவசியம். லேசர் அச்சையே பரிந்துரைக்கின்றேன். கொழும்பின் ஈரப்பதத்தில் இங்க்ஜெட் எழுத்து நாளடைவில் கசிந்து மங்கிவிடும்.

இதனைப் படித்த சக ஊழியர் ஒருவர், எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வெளியீடு மட்டும் மாற மறுப்பதாகச் சொன்னதால் இதையும் சேர்க்கின்றேன். வெளியீடுகளைப் பூட்டி வைக்க முடியும். வேறொரு கணினியோ பலகையோ பூட்டியிருந்தால் உங்கள் பொத்தான் அதை மாற்றாது. எனவே முதலில் பூட்டிய இடத்தைக் கண்டறிந்து அங்கிருந்து திறப்பதே நல்லது. ஒளிபரப்பு வெளியீட்டை நிகழ்ச்சி நேரத்தில் பூட்டி வைப்பதை நான் பெரிதும் வரவேற்கின்றேன், ஆனால் யார் பூட்டுவது என்பதை அணியினர் முன்கூட்டியே பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

பலகை ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறக்கூடியது. அவ்வாறு பயன்படுத்துவோர், மின்சாரம் வழங்கும் அந்த நெட்வேர்க் ஸ்விட்சையும் ரவுட்டருடன் சேர்த்து யூபிஎஸ்ஸில் இணைக்க வேண்டும்; இல்லையெனில் மின்வெட்டின்போது ரவுட்டர் படத்தைக் கடத்திக்கொண்டே இருக்க, அதை மாற்றுவதற்கான பலகை மட்டும் அணைந்துவிடும்.