கொய்யா: பழம் இளக்கும், இலை கட்டும்

பழனி பக்கத்து ஆயக்குடிச் சந்தையிலிருந்து கூடை கூடையாக வரும் கொய்யாவைப் பழமாகத் தின்கிறோம், கொல்லையில் நிற்கும் மரத்து இலையைக் கைவைத்தியத்துக்குப் பறிக்கிறோம். இரண்டும் ஒரே மரத்தில் வந்தாலும் வயிற்றுக்குள் போனால் வேலை நேர் எதிர். நன்றாகப் பழுத்த கொய்யா மலத்தை இளக்கும். இலைக் கஷாயம் போக்கைக் கட்டும். பாதி பழுத்த செங்காய் இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கட்டும் பக்கமாகவே இருக்கும். மலச்சிக்கலுக்குச் செங்காயைத் தின்றுவிட்டு "கொய்யா எனக்கு ஒத்துக்கவே இல்லீங்க" என்பதும், வயிறு போகும்போது பழுத்த பழத்தைத் தின்று அவதிப்படுவதும் இதை மாற்றிப் புரிந்துகொள்வதால் வருவதுதான். காரணம் துவர்ப்பு. இலையிலும் காயிலும் அது மிகுதி, பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும்.

பழத்தில் என்ன இருக்கிறது

நூறு கிராம் பழத்தில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். அதே எடை ஆரஞ்சில் 50 மில்லிகிராம் அளவுதான். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் தேவை 65 முதல் 80 மில்லிகிராம் என்பதால் அரைப்பழமே போதும். நார்ச்சத்து 5 கிராமுக்கு மேல், பொட்டாசியம் 400 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. சிவப்புக் கொய்யாவில் கூடுதலாக லைக்கோபீன் இருக்கிறது, தக்காளிக்கு நிறம் தரும் அதே பொருள். மற்றபடி வெள்ளையா சிவப்பா என்று விலை கொடுத்துத் தேட வேண்டியதில்லை. லக்னோ-49 ரகக் கொய்யா வெள்ளைச் சதைதான், சத்தில் ஒன்றும் சளைத்ததில்லை.

வைட்டமின் சி தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் அதிகம். அதனால் தோலைச் சீவக் கூடாது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அப்படியே கடித்துத் தின்பது நல்லது. வெட்டி வைத்தால் நேரம் ஆக ஆக அந்தச் சத்து குறையும். கொதிக்க வைத்தால் இன்னும் வேகமாகப் போகும். கொய்யா ஜாம் ருசிக்குத்தான். அதில் மருந்தைத் தேடுவது வீண்.

கொங்குச் சமையலுக்கு இந்தப் பழம் பொருந்துவது இன்னொரு விதத்தில். கொள்ளுப்பருப்பு, கம்பஞ்சோறு, ராகிக்களி, முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதே வேளைச் சாப்பாட்டோடு வைட்டமின் சி உள்ளே போனால் எடுத்துக்கொள்ளும் அளவு கூடும். ஆகவே கொள்ளுப்பருப்புச் சோறு உண்ட கையோடு அரைக் கொய்யா தின்பது நல்லது. மாலை நாலு மணிக்குத் தனியாகத் தின்றால் இந்தப் பலன் கிடைக்காது. சாப்பிட்டதும் டீயோ காப்பியோ குடித்தால் அவை இரும்பை மறித்துவிடும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

மலச்சிக்கலுக்கு என்றால் விரல் பட்டால் சற்றே அமுங்கும் அளவுக்குப் பழுத்த பழம் ஒன்று, விதையோடு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்து மட்டும் போனால் சிக்கல் கூடத்தான் செய்யும். விதை குடல்வாலில் போய் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து நடுச்சதையை வழித்து எறிகிறவர்கள் உண்டு. விதை செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். பல்லில் அடைப்பு வைத்தவர்கள் மட்டும் விதையை நறுக்கென்று கடிக்காமல் இருக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் செங்காயாக நடுத்தரப் பழம் ஒன்று தின்னலாம். சாறாகப் பிழிந்து வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரை மட்டும் மிஞ்சும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கொய்யாவால் கெடுதல் இல்லை, வண்டிக்கடையில் அள்ளித் தூவும் உப்பு மிளகாய்த்தூளால்தான் கெடுதல். சிறுநீரகம் பாதித்துப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வாங்கும்போது தோலில் ஊசி குத்தினாற்போலப் புள்ளியும், சுற்றிலும் மெத்தென்ற இடமும் இருந்தால் பழ ஈ முட்டையிட்டிருக்கிறது, உள்ளே புழு இருக்கும். மழை நாளில் பழுக்கும் பழத்தில் இது அதிகம். பச்சைக் காயைக் குளிர்பெட்டியில் வைத்தால் குளிரில் அடிபட்டுச் சரியாகப் பழுக்காது. வெளியில் இரண்டு மூன்று நாள் விட்டுப் பழுத்த பிறகே உள்ளே வையுங்கள்.

இலை பறிப்பது

நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது ஜோடி இலைதான் சரி. முற்றி விறைத்த அடியிலையில் சாறு இறங்காது. பறிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளை மாவு போல இருந்தால் வெள்ளை ஈயோ மாவுப்பூச்சியோ தாக்கியிருக்கிறது, மேலே கரி பூசியது போல இருந்தால் கரும்பூசணம். இரண்டும் வேண்டாம். மருந்தடிக்கும் தோப்பிலிருந்து எடுக்கவே கூடாது. பழத்தையாவது தேய்த்துக் கழுவலாம், இலையைக் கொதிக்க வைத்தால் மருந்தும் சேர்ந்தே இறங்கும்.

வயிற்றுப்போக்குக்குக் கஷாயம்

ஆறு இலையைக் கழுவிக் கிழித்து, 300 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். 200 மில்லியாகச் சுண்டியதும் வடிகட்டுங்கள். பாதியை வெதுவெதுப்பாகக் குடித்து, மீதியை ஐந்தாறு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஒரு நாளைக்கு இந்த அளவு போதும், இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். இலையிலுள்ள குவெர்செட்டின் வகைப் பொருள்கள் குடலின் துடிப்பைத் தணிக்கின்றன, துவர்ப்பு நீர்க்கசிவைக் குறைக்கிறது.

எவர்சில்வர் போசியோ மண்சட்டியோ எடுங்கள். இரும்புக் கடாயில் வைத்தால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை போலக் கறுத்துவிடும். நல்ல தண்ணீரில்தான் காய்ச்ச வேண்டும். சிறுவாணித் தண்ணீரில் தெளிந்த செம்பழுப்பாக வருவது, உப்பேறிய போர் தண்ணீரில் கலங்கி மேலே ஏடு கட்டும். பால் ஊற்றினால் பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், குடித்தும் பயனில்லை. அரை மணி நேரம் கொதிக்க விட்டால் கசப்பேறி வெறும் வயிற்றில் குமட்டும்.

கஷாயம் உப்புசர்க்கரைக் கரைசலுக்கு மாற்று ஆகாது. வயிறு போகும்போது ஆளைச் சாய்ப்பது தண்ணீர் இழப்பு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. முதலில் இது, அப்புறம்தான் இலை. மலத்தில் ரத்தமோ உடம்பில் காய்ச்சலோ இருந்தால் கஷாயமே கூடாது. கிருமி வெளியேற வேண்டிய நேரத்தில் குடலைக் கட்டிப்போட்டால் அது உள்ளேயே தங்கும். கைக்குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். கண் குழிந்து, மூத்திரம் குறைந்து, சோர்ந்து கிடந்தால் ஆசுபத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

மற்ற உபயோகங்கள்

ஈறு வீக்கத்துக்கும் வாய்ப்புண்ணுக்கும் பத்து இலை, 400 மில்லி தண்ணீர், பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்து ஒரு சிட்டிகை உப்பு. வெதுவெதுப்பாக அரை நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும், காலை ஒரு தரம், இரவு ஒரு தரம். நாள் கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியலாம். பல் சொத்தை இதில் தீராது.

ஜப்பானில் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும் பானமாகக் கொய்யா இலைத் தேநீரை அரசு அங்கீகாரத்தோடு விற்கிறார்கள். வீட்டில் செய்ய, இலையை நிழலில் நாலைந்து நாள் உலர்த்தி, மடக்கினால் படக்கென்று ஒடியும் பதத்தில் பொடித்துக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். 200 மில்லி கொதிநீருக்கு ஒரு தேக்கரண்டி, ஐந்து நிமிடம் மூடி வைத்து, சாப்பாட்டோடு குடிக்கலாம். ஏறுவது சற்றே தணியும், அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பக் கூடாது. மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவர்கள் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் இதைக் குடிக்கக் கூடாது, பழம் சேர்த்துவிடும் இரும்பை இலை தடுத்துவிடும். கர்ப்பிணிகளுக்குப் பழம் நல்லது, இலைக் கஷாயம் வேண்டாம்.

தலைமுடி வளர இலைத்தண்ணீர் ஊற்றுவது பற்றிக் கேட்பவர்கள் நிறைய. எண்ணெய்ப் பிசுக்கு குறைந்து தலை லேசாகும். முடி வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.