வெளிநாட்டில் விலை குறைவா? முதலில் வரியைக் கழியுங்கள்

அமெரிக்கத் தளத்தில் லேப்டாப் விலையைப் பார்த்து, டாலர் மதிப்பால் பெருக்கி "இவ்வளவு மலிவா!" என்று வியப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே காட்டும் விலையில் விற்பனை வரி இருக்காது. பில் போடும்போதுதான் ஏறும். அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓரிகான், டெலவேர் மாநிலங்களில் அந்த வரியே கிடையாது. ஐரோப்பாவில் நேர்மாறு, விலைச்சீட்டிலேயே மதிப்புக் கூட்டு வரி அடக்கம். ஜெர்மனியில் 19 சதவீதம், ஹங்கேரியில் 27. இரண்டு பக்கமும் வரியை நீக்கிவிட்டு ஒப்பிட்டால், மலைபோல் தெரிந்த வித்தியாசம் நன்றாகவே சுருங்கிவிடும்.

மிச்ச வித்தியாசத்துக்குக் காரணம்? இறக்குமதித் தீர்வை ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருளின் குறைபாட்டுக்கு விற்பவர் குறைந்தது 2 ஆண்டுகள் சட்டப்படி பொறுப்பு. அந்தச் செலவையும் வாங்குபவர் தலையில்தான் கட்டுவார்கள். நாணய மதிப்பு தினமும் ஆடினாலும் விலைப்பட்டியல் ஆடாது. நிறுவனங்கள் நாணயச் சரிவை எதிர்பார்த்துக் கொஞ்சம் கூட்டியே வைக்கும். அதையும் மீறிச் சரிந்தால்? 2022-ல் யென் வீழ்ந்தபோது, ஜப்பானில் ஆப்பிள் ஐபோன் விலையை ஆண்டின் நடுவிலேயே ஏற்றியது. நாணயம் மீண்டால் இதே வேகத்தில் குறைப்பார்களா என்பது வேறு கதை.

சரி, அப்படியும் மலிவாகத்தான் இருக்கிறது என்றால், வாங்கும் முன் வாரண்டி உங்கள் நாட்டில் செல்லுமா என்று பாருங்கள். போன் என்றால் இன்னும் கவனம்: அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் சிம் கார்டு செருக இடமே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் நாடுகளில் பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஊர் திரும்பும்போது சுங்கத் தீர்வை உண்டா என்பதையும் அப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.