பத்தாண்டு ஓட்டும் காருக்குப் பழுதுச் செலவைக் கணக்கிடும் முறை: மின்சாரமா, பெட்ரோலா?

ஒரு காரைப் பத்தாண்டுகள் வைத்திருப்பதென்று முடிவு செய்தவருக்கு, ஆண்டுச் சராசரிச் செலவை மட்டும் ஒப்பிடுவது போதாது. பெட்ரோல் காரின் செலவு சிறுசிறு தொகைகளாக ஆண்டு தவறாமல் வரும். மின்சாரக் காரில் பல ஆண்டுகள் பெரிய செலவில்லாமல் கழியலாம். ஆனால் வாரண்டி முடிந்தபின் பெருந்தொகையை ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய பேட்டரி அதில் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு போட வேண்டும்.

பெட்ரோல் காரின் கணக்கு எளிது. பெரும்பாலான கார்களில் 10,000 கிலோமீட்டருக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அத்துடன் ஸ்பார்க் பிளக், கிளட்ச், வண்டியைப் பொறுத்து டைமிங் பெல்ட் ஆகியவற்றைச் சேர்த்து, சர்வீஸ் சென்டரில் விலைப்பட்டியல் வாங்கிக் கூட்டினால் போதும். டீசல் காரில் கூடுதல் கவனம் தேவை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 எனும் புகைமாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் தயாரான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. நகருக்குள் குறைந்த தூரமே ஓடும் வண்டியில், படிந்த கரியை எரிக்கத் தேவையான சூடு கிடைக்காமல் அது அடைத்துக்கொள்ளும். அத்தகைய ஓட்டம் உள்ளவர்கள் டீசலைத் தவிர்ப்பதே நல்லது.

மின்சாரக் காரில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பு, பழுதுச் செலவு மின்சாரக் காருக்கு மைலுக்குச் சராசரியாக 3.1 சென்ட், எஞ்சின் காருக்கு 6.1 சென்ட் என்று கணக்கிடப்பட்டது. அங்குள்ள கூலியும் உதிரிபாக விலையும் வேறு என்பதால் இதை ரூபாயாக மாற்றுவதில் பயனில்லை. ஏறத்தாழப் பாதி என்ற விகிதத்தை மட்டும் நினைவில் கொள்ளலாம். மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மீட்பதால் பிரேக் பேட் நெடுநாள் வரும். வண்டியின் எடை அதிகம் என்பதால் டயர் விரைவில் தேயக்கூடும். அதைக் கணக்கில் விடக்கூடாது.

இனி பேட்டரி. வாங்குமுன் முதலில் கேட்க வேண்டியது, அதைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு உண்டா என்பதே. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் மின்சாரக் காரின் 24 கிலோவாட் மணி (பேட்டரியில் சேமிக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு) பேட்டரிக்கு அது இல்லை. அமெரிக்காவின் அரிசோனா போன்ற வெப்பமான பகுதிகளில் கொள்ளளவு விரைவாகக் குறைவதாக உரிமையாளர்கள் 2012இல் முறையிட்டார்கள். நம் ஊர் வெயிலுக்கு இது நேரடியாகப் பொருந்தும் பாடம். 2020இல் இந்தியாவில் அறிமுகமான டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் 30.2 கிலோவாட் மணி பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டியும் இருந்தன. வாரண்டித் தாளில் ஆண்டுகளை மட்டும் பார்க்காமல், கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற வரியையும், பேட்டரியில் பழுதான மாட்யூலை, அதாவது ஒரு பகுதியை, மட்டும் மாற்ற முடியுமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். முழுப் பேட்டரியையும் மாற்றியாக வேண்டிய வண்டியில் சிறு பழுதும் பெருஞ்செலவாகிவிடும்.

ஆயிரக்கணக்கான வண்டிகளின் தரவிலிருந்து வாகனத் தரவு நிறுவனமான ஜியோடேப் 2024இல் கணித்த சராசரி பேட்டரித் தேய்மானம் ஆண்டுக்கு 1.8 சதவீதம். அந்த வேகத்தில் 30.2 கிலோவாட் மணி பேட்டரியில் எட்டாண்டுக்குப் பின் ஏறத்தாழ 26 மிஞ்சும். இது சராசரி மட்டுமே. அதிவேகச் சார்ஜிங்கும் வெயிலும் அதைக் கூட்டும். ஆகவே எண்ணெய் மாற்றாமல் மிச்சமாகும் தொகையை வாரண்டிக் காலம் முழுவதும் தனியே சேர்த்து வைக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

பழைய மின்சாரக் கார் வாங்குபவர் ஓடோமீட்டரை நம்பி முடிவெடுக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரில் பேட்டரி நலச் சான்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் முழுச் சார்ஜிலிருந்து 20 சதவீதம் வரை ஓட்டிப் பாருங்கள். உதாரணமாக, 150 கிலோமீட்டர் ஓடி, சராசரிச் செலவு கிலோமீட்டருக்கு 130 வாட் மணி என்று திரை காட்டினால், செலவானது 19.5 கிலோவாட் மணி. அது 80 சதவீதம் என்பதால் முழுக் கொள்ளளவு சுமார் 24.4. புதிதில் 30.2 இருந்த வண்டி என்றால் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சியிருக்கிறது. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.