டிரம்பெட் மாற்றும்போது பெற்றோர் சறுக்கும் இடங்கள்

கோலாலம்பூரில் பள்ளி பேண்டில் ஊதும் பிள்ளை இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று, நான்குக்கு வந்ததும், "அப்பா, எனக்கு வேற டிரம்பெட் வேணும்" என்று ஆரம்பித்துவிடும். கேட்பதில் தப்பில்லை. உடனே கடைக்குக் கிளம்புவதுதான் முதல் தவறு.

இருக்கிற கருவியை முதலில் கழுவிப் பாருங்கள். பல கை மாறிய பள்ளிக் கருவியில் மவுத்பீஸ் (உதட்டை வைத்து ஊதும் முனை) சொருகும் குழாய்க்குள் அழுக்கு அப்பியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் வளையும் நீள பிரஷும் போதும். விரலால் அழுத்தும் வால்வுகளில் 1, 2, 3 என்று எண் இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் காற்று சரியாகப் போகாது, கருவியே கெட்டுவிட்டது போலத் தோன்றும். பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது மவுத்பீஸ். கருவியை மாற்றுவதைவிட இது எவ்வளவோ மலிவு. ஆனால் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாக் நிறுவனத்தின் எண்களில் 7சி என்ற மவுத்பீஸைவிட 3சி-தான் அகலம், யமாஹாவில் எண் கூடினால் அகலமும் கூடும். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளை என்றால், கம்பி கழற்றும் வரை பெரிய செலவைத் தள்ளிப்போடலாம். கழற்றிய பிறகு உதடு பதியும் விதமே மாறிவிடும்.

"துளை (குழாயின் உள் அகலம்) பெரிதாக இருந்தால்தான் உசத்தி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொடக்க நிலைக்கான யமாஹா 2330-இன் துளையும், தொழில்முறைக் கலைஞர்கள் ஊதும் பாக் ஸ்ட்ராடிவேரியஸ் 37-இன் துளையும் ஏறக்குறைய ஒன்றுதான், 11.65 மில்லிமீட்டர். வித்தியாசம் வால்வின் நுணுக்கத்திலும் பெல்லை, அதாவது ஒலி வெளிவரும் விரிந்த வாயைச் செய்த விதத்திலும் இருக்கிறது. அதை ஊதிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அந்த ஊதிப் பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சின்னக் கடைக்குள் எந்த டிரம்பெட்டும் கணீரென்றுதான் கேட்கும். பிள்ளையும் உச்ச ஸ்வரத்தை ஒரு தடவை பீறிட்டுக் காட்டிவிட்டு "இதுதான் வேணும்" என்று சொல்லிவிடும். அதற்கு மயங்காதீர்கள். வீட்டு மவுத்பீஸையே கொண்டுபோங்கள். மெதுவான நீண்ட ஸ்வரம், ஒரு ஸ்கேல், கீழே உள்ள டி, சி ஷார்ப் ஸ்வரங்கள், இவ்வளவையும் கைப்பேசி டியூனரை (சுருதி காட்டும் செயலியை) வைத்து ஊதச் சொல்லுங்கள். கீழ் டி-யும் சி ஷார்ப்பும் எந்த டிரம்பெட்டிலும் சுருதி கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழாயை) நீட்டித்தான் அதை இறக்க வேண்டும், அதனால் ஸ்லைடு விரல் இழுப்புக்கு வழுக்கி வர வேண்டும். அப்புறம், நீங்கள் திரும்பி நின்று, எது எந்தக் கருவி என்று பார்க்காமல் கேளுங்கள். பேண்ட் ஆசிரியர் கூட வந்தால் இன்னும் நல்லது.

பழைய கருவி வாங்குவது தாழ்வில்லை, நானே அதைத்தான் சொல்வேன். பெல்லில் சின்ன நசுங்கல் இருந்தால் விட்டுவிடலாம். மவுத்பீஸ் பக்கக் குழாயில் கரு மையத்தோடு செந்நிறப் புள்ளிகள் தெரிந்தால் நகர்ந்துவிடுங்கள். பித்தளையில் இருந்த துத்தநாகம் உள்ளிருந்தே அரித்துப் போனதன் அடையாளம் அது, தேய்த்தாலும் போகாது. ஈரத்தைத் துடைக்காமல் பெட்டியில் பூட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அரிப்பு சும்மா இருக்குமா? வால்வை அழுத்தாமல் இரண்டாம் வால்வின் ஸ்லைடை வெடுக்கென்று உருவினால் 'டப்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காற்று கசிகிறது. பள்ளிச் சொத்து எண் பொறித்த கருவி என்றால், எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

வெள்ளி முலாம் பார்க்க அழகு, ஆனால் சீக்கிரம் கறுக்கும். துடைக்கச் சோம்பும் பிள்ளைக்கு லாக்கர் (வார்னிஷ் போன்ற) பூச்சே நல்லது. இணையத்தில் வாங்கினால் அது பள்ளி பேண்டுக்கான பி பிளாட் டிரம்பெட்தானா என்று பாருங்கள். ஆர்கெஸ்ட்ராவில் சி டிரம்பெட்டைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால், பேண்ட் நோட்டில் உள்ளதை அப்படியே ஊதும்போது ஒரு முழு ஸ்வரம் மேலே கேட்கும்.

ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வோ பேண்ட் போட்டியோ நெருங்கும் நேரத்தில் புதியதைக் கையில் கொடுக்காதீர்கள். புதுக் கருவியின் சுருதி எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று உதடு பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பழையதை விற்காமல் வைத்திருங்கள்.