பயாஸ் சிப்பை அழிக்கும் முன்

கடைக்கு வேலை பழக வந்திருக்கும் தம்பி போன வாரம் ஒரு லேப்டாப்பின் பயாஸ் சிப்பில் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் நிரல் இருக்கும் சிப்), அதைப் படித்து எழுதும் புரோகிராமர் கருவியின் கிளிப்பை மாட்டினான். ஒரு முறை படித்தான், உடனே அழித்துவிட்டான். "நகல் எடுத்தாயா?" என்று கேட்டேன். "எடுத்துவிட்டேன் அண்ணா, சரியாக 8 எம்பி இருக்கிறது" என்றான். கோப்பைத் திறந்து பார்த்தால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். அதாவது உள்ளே ஒன்றுமே இல்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்ததை அச்சு மாறாமல் செய்திருந்தான். அதனால் அவனை முழுமையாகத் திட்டவும் முடியவில்லை.

சிவப்பு ஒயரைச் சிப்பின் புள்ளிக்கு எதிர்ப்பக்கம் மாட்டுவது போன்ற தவறுகளை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை விரலைச் சுட்டுக்கொண்டால் அது தானாகவே மனத்தில் பதிந்துவிடும்.

ஒரே ஒரு நகலை நம்புவது

நிறுவனத்தின் தளத்தில்தான் பயாஸ் கோப்பு கிடைக்கிறதே, பழையது எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த நினைப்புதான். இன்டெல் போர்டுகளின் சிப்பில் பயாஸ் ஒரு பகுதி மட்டுமே. டிஸ்கிரிப்டர் (சிப்பில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல்), மேனேஜ்மென்ட் எஞ்சின் (போர்டுக்குள் தனியாக ஓடும் இன்டெலின் சிறு நிர்வாக அமைப்பு), சில போர்டுகளில் நெட்வொர்க் பகுதி என்று மற்றவையும் அதே சிப்பில் குடியிருக்கின்றன. லேப்டாப்பின் சீரியல் எண், யூயூஐடி என்ற தனி அடையாள எண், பல போர்டுகளில் மேக் முகவரி (நெட்வொர்க்கில் இயந்திரத்தை அடையாளம் காட்டும் எண்), விண்டோஸ் உரிமச் சாவி எல்லாம் அந்த ஒரு இயந்திரத்துக்கே உரியவை. அவற்றை எந்தத் தளத்திலும் பதிவிறக்க முடியாது.

நான் கெடுத்தது ஒரு கல்லூரி மாணவரின் லேப்டாப். இதே மாதிரியைச் சேர்ந்த வேறொரு போர்டின் நகலை எங்கிருந்தோ வாங்கி எழுதினேன். திரையில் வெளிச்சம் வந்ததும் வெற்றி என்று நினைத்துக் கொடுத்தனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தார். விண்டோஸ் உரிமம் கேட்கிறது, சீரியல் எண் வேறு யாருடையதோ, எல்லாவற்றுக்கும் மேலாக 30 நிமிடம் ஆனதும் லேப்டாப் தானே அணைந்துவிடுகிறது. மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதி கெட்டிருந்தால் பல தலைமுறை இன்டெல் போர்டுகள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது அன்று எனக்குத் தெரியாது. கடைசியில் என் கைக்காசில் வேறு போர்டு வாங்கி மாட்டிக் கொடுத்தேன்.

இரண்டு முறை படித்து ஒப்பிட்டால் போதும் என்பார்கள். போதாது. கிளிப் சரியாகத் தொடாவிட்டால் இரண்டு முறையும் எஃப்எஃப்தான் வரும், இரண்டு கோப்புகளும் அழகாக ஒத்துப்போகும். ஆகவே முதலில் சிப்பின் அடையாள எண்ணைப் படியுங்கள். 3.3 வோல்ட்டில் இயங்கும் வின்பாண்ட் டபிள்யூ25கியூ64 என்றால் பொதுவாக இஎஃப் 40 17 வரும். மூன்றும் எஃப்எஃப் அல்லது மூன்றும் 00 என்றால் கிளிப்பைச் சரிசெய்யுங்கள். பிறகு படியுங்கள், கிளிப்பைக் கழற்றி மாட்டி மறுபடியும் படியுங்கள், ஒப்பிடுங்கள். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்தும் பாருங்கள். இன்டெல் போர்டில் டிஸ்கிரிப்டர் இருக்கும் சிப் என்றால் முதல் 16 பைட்டுகளுக்கு அடுத்து 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் கண்ணில் பட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் வேறுவேறாகப் படித்தால் குற்றம் பெரும்பாலும் சிப்பில் இல்லை. சிப்புக்கு நீங்கள் தரும் மின்சாரத்தைப் போர்டின் மற்ற பாகங்களும் சேர்ந்து குடிக்கின்றன, வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. சிப்பைக் கழற்றித் தனியாகப் படியுங்கள். சோம்பலாகத்தான் இருக்கும்.

1.8 வோல்ட் சிப்பில் நேரடியாக மாட்டுவது

சிப்பின் முதுகில் இருக்கும் எழுத்தை லென்ஸ் வைத்துப் படியுங்கள். மேக்ரானிக்ஸில் எம்எக்ஸ்25எல் என்றால் 3.3 வோல்ட், எம்எக்ஸ்25யூ என்றால் 1.8. இரண்டாவதற்கு, வோல்டேஜை 1.8க்கு இறக்கும் அடாப்டர் இல்லாமல் கிளிப்பை அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமர்கள் பலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. 3.3 வோல்ட் சிப்புக்கே அது அதிகம்.

கேப் கோப்பை அப்படியே எழுதுவது

ஆசூஸின் பல போர்டுகளுக்குக் கிடைக்கும் கேப் (.CAP) என்ற பயாஸ் கோப்பில் முன்னால் 2,048 பைட் தலைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டாமல் எழுதினால் எல்லாம் இடம் தள்ளிப்போய், வால் பகுதி வெளியே விழுந்துவிடும். செயலி (பிராசசர்) விழித்ததும் முதலில் தேடுவது அந்த வாலின் கடைசி 16 பைட்டுகளைத்தான்.

சார்ஜரோ பேட்டரியோ இருக்கும்போது கிளிப்

வேண்டாம்.

எழுதிய பின் சரிபார்க்காமல் கிளிப்பை எடுப்பது

சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

ஒரே போர்டில் இரண்டு சிப்

8 எம்பி ஒன்றும் 4 எம்பி ஒன்றும் இருக்கும் பழைய போர்டுகள் இன்னும் வருகின்றன. எது எங்கே இருந்தது என்று படம் எடுக்காமல் இரண்டையும் கழற்றினால், அன்று மாலை உங்களுக்கு வேறு வேலை இருக்காது.