அம்மாவைக் கார்கில்ஸ் சதுக்கத்துக்குக் கூட்டிப்போக

எங்கள் அம்மாவுக்கு 74 வயது. பருத்தித்துறையிலிருந்து அவர் யாழ்ப்பாண ரவுணுக்கு வருவதென்றால் ஒன்றில் பெரியாஸ்பத்திரி, இல்லாவிட்டால் நல்லூர்த் திருவிழா. ஆஸ்பத்திரி வீதியில் 2013 இல் திறந்த கார்கில்ஸ் சதுக்கம் என்ற கடைத்தொகுதியை எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறார், உள்ளே போனதில்லை. போன வருடம்தான் படம் பார்க்கக் கூட்டிப்போனேன். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்காரர் எல்லோரும் ஒருமுறை கூட்டிப்போக வேண்டும். மருந்துத் துண்டு கையில் இல்லாமல் ரவுணுக்கு வர அவர்களுக்கும் ஆசை இருக்கும்.

வெள்ளிக்கிழமை வேண்டாம். விரதக்காரரைப் பொரித்த கோழி மணக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் இருத்தக் கூடாது. சனி, ஞாயிறு பின்னேரங்களில் சனம் நெரியும். வேலைநாளில் மத்தியானக் காட்சிதான் நல்லது.

இனி நகரும் படி. முதல் தரம் நான் அம்மாவின் கையைப் பிடித்து "வாங்கோ, வாங்கோ" என்று இழுத்துவிட்டேன். ஒரு கால் படியில், மற்றக் கால் தரையில். அவர் முகம் வெளிறியதை இன்னும் மறக்க முடியவில்லை. அப்படிச் செய்யாதீர்கள். முதலில் ஓரமாக நின்று, மற்றவர்கள் ஏறுவதை ஐந்து நிமிடம் பார்க்க விடுங்கள். சீலைக் கொய்யகத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி ஒரு கையால் பிடிக்கச் சொல்லுங்கள். விளிம்பில் துணி சிக்கினால் ஆபத்து. மற்றக் கை கைபிடியில் இருக்கட்டும். இரண்டு படிக்கு நடுவிலுள்ள கோட்டில் மிதிக்காமல், ஒரே படியில் இரண்டு காலையும் வைக்க வேண்டும். நீங்கள் ஒரு படி கீழே, அவருக்குப் பின்னால் நில்லுங்கள். மேலே படி தட்டையாகும்போது "இப்ப காலைத் தூக்குங்கோ" என்று சொல்லுங்கள். இறங்கியதும் அங்கேயே நிற்காமல் நாலு அடி தள்ளிப் போய் நிற்க வேண்டும். பயம் தெளியவில்லையா, சரி, லிஃப்றில் போங்கள். வற்புறுத்தி ஏற்றினால் அடுத்த முறை வரமாட்டார்.

படத்துக்கு நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், முழங்காலை நீட்டலாம். விளக்கு அணைய முன்பே கழிவறைக்குக் கூட்டிப்போய் வாருங்கள். ஏசிக் குளிர் வயதானவர்களுக்குக் கடுமை, ஒரு சால்வை கட்டாயம். சத்தம் கூடினால் காதுக்குள் பஞ்சு வைக்கலாம். அம்மா அப்படித்தான் முழுப்படமும் பார்த்தார்.

சாப்பாட்டுக்கு நான் அங்கே இருப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற மலாயன் கபேக்கு அம்மாவைக் கூட்டிப்போவேன். மரக்கறிச் சாப்பாடு, அவருக்குப் பழகிய ருசி. வெயில் தணிந்திருந்தால் அப்புறம் சுப்பிரமணிய பூங்காவில் கொஞ்ச நேரம் இருக்கலாம். அங்கிருந்து பொது நூலகமும், இந்திய உதவியில் கட்டி 2023 இல் கையளித்த கலாசார மையமும் கிட்டத்தான். இரண்டையும் அதே நாளில் சுற்றிக் காட்ட வெளிக்கிட வேண்டாம், கால் தாங்காது.

காலையில் பஸ்ஸால் இறங்கும்போதே பருத்தித்துறைக்குக் கடைசி 750 ஆம் இலக்க பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு வையுங்கள். அதற்கு முந்தின பஸ்ஸில் ஏறினால் யன்னல் ஓர இருக்கை கிடைக்கும். அன்றைக்கு அம்மா பஸ்ஸுக்குள் நெல்லியடி வரும்வரைக்கும் படத்துக் கதையையே எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்.