கடைசி செமஸ்டர் குறும்படம் மட்டும் போதாது: திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பைக் கற்பிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விஸ்காம் என்று எல்லோரும் சொல்லும் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு, பல இடங்களில் ஒரே மாதிரிதான் முடிகிறது. கோட்பாடு, வரலாறு, மென்பொருள் என்று செமஸ்டர்கள் கழிகின்றன. கடைசி செமஸ்டரில் குறும்படம். கற்றதையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் காட்டிவிட வேண்டும் என்று மாணவர் கடன் வாங்குகிறார், கேமராவை வாடகைக்கு எடுக்கிறார், தூக்கமில்லாமல் உழைக்கிறார். படம் திரையிடப்படுகிறது, வைவா என்னும் வாய்மொழித் தேர்வு நடக்கிறது, மதிப்பெண் வருகிறது, படிப்பு முடிந்துவிடுகிறது. அந்தப் படத்தில் தெரிந்த பிழைகளைத் திருத்திக்கொள்ள இன்னொரு படம் அவருக்குக் கல்லூரிக்குள் கிடைப்பதில்லை. தயாரிப்பைக் கற்பிப்பதில் நேரும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். மற்ற பலவும் இதிலிருந்து கிளைப்பவை.

இதற்கு மாற்று, முதல் செமஸ்டரிலிருந்தே சின்னச் சின்னப் பயிற்சிகள். ஒருவர் அறைக்குள் வருகிறார், ஒரு பொருளைத் தேடுகிறார், கண்டெடுக்கிறார், வெளியே போகிறார். வசனம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. எட்டு ஷாட், ஒரு நிமிடம். இவ்வளவு எளிய காட்சியை வகுப்பில் திரையிட்டுப் பாருங்கள். இடமிருந்து வலமாக நடந்து வந்தவர் அடுத்த ஷாட்டில் எதிர்த்திசையில் நடப்பார். அகன்ற ஷாட்டில் மூடியிருந்த மேசை இழுப்பறை, நெருக்கமான ஷாட்டில் திறந்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவர் பொருளைக் கண்டுவிட்டார் என்பதே பார்ப்பவர்களுக்குப் புரியாது. அவருடைய கண்கள் எங்கே நின்றன என்பதை யாரும் படம்பிடித்திருக்க மாட்டார்கள். அடுத்த வாரம் அதே குழு அதே காட்சியை மீண்டும் எடுக்க வேண்டும். கற்றல் நடப்பது அந்த இரண்டாவது முறையில்தான்.

1919-இல் மாஸ்கோவில் தொடங்கிய அரசுத் திரைப்படப் பள்ளியில் கற்பித்த சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் மாணவர்களுக்குப் படச்சுருளே அரிதாக இருந்தது. சுருள் இல்லாமலேயே காட்சிகளை மேடையில் ஷாட் ஷாட்டாக நடித்துப் பயின்றார்கள். இருக்கும் படங்களை வெட்டி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். நம் மாணவருக்கு மெமரி கார்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு நிமிடப் படத்துக்கு மூன்று மணி நேரக் காட்சிகளோடு வந்து நிற்கிறார். எதைத் தேர்வது என்று அவருக்கே தெரிவதில்லை. அதனால் எல்லையை ஆசிரியர்தான் வகுக்க வேண்டும். எட்டு ஷாட் என்றால் எட்டு. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க இரண்டு முறை, அதாவது இரண்டு டேக்.

அடுத்தது ஒலி. மாணவர் படங்களைப் பார்க்கும் எவரையும் வருத்துவது இதுதான். படம் அழகாக இருக்கும், பேசுவது புரியாது. தமிழ் சினிமா நெடுங்காலமாக வசனத்தைப் பின்னால் டப்பிங் செய்தே பழகியது. அந்தப் பழக்கம் வகுப்பறைக்கும் வந்து, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். ஆனால் திரைத்துறையில் டப்பிங் கூடமும் ஒலிப் பொறியாளரும் இருக்கிறார்கள். மாணவருக்கு இருப்பது விடுதி அறையும் கைபேசியும்.

கேமராவின் சொந்த மைக்கை நம்பக் கூடாது என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது எளிது. ஒரே வரியைப் பத்தடி தூரத்தில் கேமரா மைக்கிலும், ஓரிரண்டு அடி தூரத்தில் நீண்ட கோலில் பிடித்த பூம் மைக்கிலும் பதிவு செய்து, அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் போதும். மின்விசிறியை நிறுத்துவது, ஒலிப்பதிவு செய்பவர் ஹெட்போனைக் கழற்றாமல் இருப்பது, குரலின் உச்சம் பதிவுக் கருவியின் அளவுமானியில் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கும்படி பார்த்துக்கொள்வது, இடத்தைவிட்டுக் கிளம்புமுன் எல்லோரும் வாய்மூடி நின்று அந்த அறையின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்வது: இவை முதல் மாதத்திலேயே பழக்கமாகிவிட வேண்டும். அந்த அரை நிமிட ஒலி இல்லையென்றால் படத்தொகுப்பில் வசனங்களுக்கு இடையே பள்ளம் பள்ளமாக மௌனம் விழும். ஒலிக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். புரஜெக்டரை மூடிவிட்டு ஒலியை மட்டும் ஒருமுறை வகுப்புக்குக் கேட்கவிடுங்கள்.

குழு அமைப்பதிலும் பெரும் தவறு நடக்கிறது. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியிலும் புனே திரைப்பட நிறுவனத்திலும் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு எல்லாம் தனித்தனிப் படிப்புகள். குழு தானாக அமைந்துவிடும். பல்கலைக்கழகத் துறையில் எல்லோரும் ஒரே வகுப்பு, எல்லோருக்கும் இயக்குநர் ஆசை. 'நீங்களே குழு பிரித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டால் என்ன ஆகும்? கேமரா சொந்தமாக வைத்திருக்கும் பையன் மூன்று ஆண்டும் ஒளிப்பதிவாளர். மாணவிகளுக்கு உடை, சாப்பாட்டு ஏற்பாடு, ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் குறித்துவைக்கும் கன்டினியூட்டி நோட்டு. லைட் ஸ்டாண்டைத் தொடாமலேயே பட்டம் வாங்கிப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். இது அநியாயம், இதைத் தடுக்கும் பொறுப்பு ஆசிரியருக்கு உண்டு. ஒவ்வொரு பயிற்சியிலும் பொறுப்பு சுழல வேண்டும், பட்டியலைத் துறையே ஒட்ட வேண்டும், அவரவர் செய்த வேலைக்கே மதிப்பெண் தர வேண்டும்.

தொலைக்காட்சியைக் குறும்படத்தின் தம்பியாக நினைப்பது இன்னொன்று. ஒற்றைக் கேமராவில் நிறுத்தி நிறுத்தி எடுப்பது வேறு, மூன்று கேமராவோடு நேரலையில் ஓடுவது வேறு. பெரும் செலவில் அமைத்த ஸ்டூடியோ, ஆய்வுக் குழு வரும்போது மட்டும் திறக்கப்படும் கல்லூரிகளை நான் பார்த்திருக்கிறேன், மனம் கொதிக்கிறது. பதினைந்து நிமிட உரையாடல் நிகழ்ச்சி ஒன்றை எங்கும் நிறுத்தாமல் நடத்தவிடுங்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் கேமராக்களை மாற்றும் ஸ்விட்சரில், ஒருவர் கடிகாரத்தில், ஒருவர் தளத்தில் உள்ளவர்களோடு பேசும் டாக்பேக்கில்; தளத்தில் ஃப்ளோர் மேனேஜர் விரல்காட்டி வினாடிகளை எண்ணுகிறார். தவறினால் தவறியதுதான், நிகழ்ச்சி ஓட வேண்டும். அந்தப் பதற்றத்தைப் பாடப்புத்தகத்தில் கொடுக்க முடியாது.

சில அடிப்படைகளைக் காரணத்தோடு சொல்லாமல் விடுவதால் வரும் தொல்லைகளும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மின்னும். ஷட்டர் வேகம் 1/50 வினாடி என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு மின்னல்கள் அடங்கும். 1/60 என்றால் அடங்காது, திரையில் வெளிச்சம் அலைபாயும். வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வகுப்பு முழுவதற்கும் முதல் நாளே விதித்துவிட்டால் இதுவும் தீரும், 24-உம் 30-உம் கலந்த டைம்லைனும் வராது. விளக்கு விஷயத்திலும் இப்படித்தான்: சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 1,380 வாட். அதில் எக்ஸ்டென்ஷன் போட்டு இரண்டு 1,000 வாட் விளக்கைச் செருகினால் ஆபத்து. இது உயிர் சம்பந்தப்பட்டது.

யார் கற்பிப்பது என்பதில் இரு பக்கமும் தவறுகிறோம். 'நெட்' என்னும் தகுதித் தேர்வில் தேறியவருக்கோ முனைவர் பட்டம் பெற்றவருக்கோதான் நிரந்தரப் பணி என்பதால், செட்டுக்கே போகாதவர் தயாரிப்பு வகுப்பு எடுக்க நேர்கிறது. சரி என்று திரைத்துறைப் பிரபலம் ஒருவரை அழைத்தால் ஒரு நாள் பேச்சு, அனுபவக் கதைகள், புகைப்படம், அதோடு முடிந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த நெறிமுறைப்படி, குறைந்தது 15 ஆண்டுத் துறை அனுபவம் உள்ளவரை முனைவர் பட்டம் இல்லாமலேயே பேராசிரியர் பொறுப்பில் அமர்த்தலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை இதற்கு இடமுண்டு. ஒரு செமஸ்டர் முழுக்க மாணவரோடு இருக்கும் ஒலிப்பதிவாளர், பத்துப் பிரபலங்களின் உரைகளைவிடப் பயன்படுவார்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். வெளித்தேர்வாளர் ஒரே பிற்பகலில் முப்பது படம் பார்த்தால், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதற்கே மதிப்பெண் போகும். வாடகைக்கு நல்ல லென்ஸ் எடுக்க வசதியுள்ளவர் முன்னே நிற்பார். திரைக்கதையின் அடுத்தடுத்த வடிவங்கள், கால் ஷீட் என்னும் அன்றன்றைய படப்பிடிப்புத் திட்டத் தாள், ஷாட் பட்டியல், முதல் தொகுப்பு ஆகியவற்றுக்கு உள்மதிப்பீட்டில் பெரும்பங்கு தர வேண்டும். முதல் தொகுப்பைத் திரையிடும்போது, எடுத்தவர் விளக்கம் சொல்லக் கூடாது. வகுப்பு தான் புரிந்துகொண்ட கதையைச் சொல்ல வேண்டும், ஆசிரியர் கடைசியில் பேச வேண்டும். இந்தத் திரையிடலுக்கும் இறுதிச் சமர்ப்பிப்புக்கும் நடுவே இரண்டு வாரமாவது விட்டு, அந்த நாட்களில் கேமராவும் விளக்கும் மறுபடி எடுப்பவர்களுக்கே என்று கால அட்டவணையில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.